எதிரே ஒரு வண்டி வரட்டும்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆனி மாதக் கடைசி. இடம், பாலக்காட்டிலிருந்து திருச்சூர் போகும் நெடுஞ்சாலையில் உள்ள குதிரான் மலை. அந்த மலையைக் குடைந்து போட்டிருக்கும் சுரங்கச் சாலையின் வாசலில், கொட்டுகிற மழையில், காரை ஓரங்கட்டி, கடைசியில் பானெட்டையும் திறந்து வைத்துக்கொண்டு நாற்பது நிமிஷம் ஒருவர் நின்றதை அன்றைக்கு நீங்கள் யாராவது பார்த்திருந்தால், அது நான்தான். காரில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறெல்லாம் ஓட்டியவரிடம்தான்.

எனக்குச் சொந்த ஊர் சிதம்பரம். வேலை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில். தினமும் போய் வருகிறவன். மலையே பார்க்காதவன் என்று நினைத்துவிடாதீர்கள். கடலூரில் கேப்பர் மலை இருக்கிறது. ஏறுகிறோம் என்று தெரிவதற்குள் இறங்கிவிடும். அதை விட்டால் எங்கள் பக்கத்தில் உயரமான இடம் ரயில்வே மேம்பாலம்தான். அதில் ஏறி இறங்கிய தைரியத்தில்தான் கேரளாவுக்குக் காரை எடுத்தேன்.

எடுக்கக் காரணம் என் மகள். பிசியோதெரபி படித்து முடித்து ஒரு வருடத்துக்கு மேல் வேலை தேடிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் "பொண்ணு இப்ப என்னா பண்றா?" என்று கேட்டால் போதும், அவசர வேலை இருப்பதுபோல் அடுப்படிக்குள் போய்விடுவாள். அவர்கள் கிளம்பும்வரை வரமாட்டாள். அப்படி இருந்தவளுக்குத் திருச்சூரில் ஒரு மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. இன்ன தேதி, பகல் பன்னிரண்டு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வந்து சேர வேண்டும். தவறினால் அந்த இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். மகள் அதை அத்தனை தடவை படித்தாள். பன்னிரண்டு என்ற எண் மட்டும் தேய்ந்திருக்கும்.

"பஸ்ல போய்டலாம்ங்க, நிம்மதியா இருக்கும்" என்றாள் மனைவி.

"நம்ம கார் எதுக்கு இருக்குது?" என்றேன் நான்.

அந்தக் கார் எதற்கு இருந்தது என்று எனக்கே சந்தேகம் வரும்படி, அதற்கு முந்தின கார்த்திகையில் ஒரு சம்பவம் நடந்திருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் பக்கத்தில் ரயில் பாதைக்கு அடியில் போகிற சப்வேக்கள் மழைக்காலத்தில் குளமாகிவிடும். அதைக் கடக்க ஊருக்குள் ஒரு முறை உண்டு. இறங்குவதற்கு முன்னால் வண்டியை நிறுத்தி எதிர்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். எதிரே ஒரு வண்டி ஏறி வந்தால், அதன் மேல் ஈரம் எதுவரைக்கும் இருக்கிறது என்று பார்த்துவிட்டு நாமும் இறங்கலாம். வண்டியே வரவில்லையா, உள்ளே தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். இதற்குப் போர்டு எதுவும் கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் சைக்கிள் மிதிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று எதிரே பார்க்காமல் இறங்கினேன். நடுவில் போய் இன்ஜின் நின்றது. தண்ணீர் சீட்டுக்கு வந்தது. நான்கு பேர் தள்ளிக் கரையேற்றினார்கள். மூன்று நாள் கழித்து மெக்கானிக், பின் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்த ஒரு கெளுத்திக் குஞ்சைக் காகிதத்தில் வைத்து நீட்டினார்.

"சார், பிச்சாவரத்துல படகு உடறாங்களே, அதுல போவக்கூடாது? கார ஏன் சார் கஷ்டப்படுத்துறீங்க?"

அன்றோடு ஒரு முடிவுக்கு வந்தேன். இனி எதிரே வண்டி வராமல் எந்தப் பள்ளத்திலும் இறங்குவதில்லை.

சரி, பயணத்துக்கு வருகிறேன். முதல் நாளே கிளம்பிக் கோயம்புத்தூரில் மச்சான் வீட்டில் தங்கினோம். காலையில் ஏழரைக்கு வண்டியை எடுத்தேன். பாலக்காடு வரைக்கும் வெயில். நான் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் பிடித்தது மழை. எங்களுக்கெல்லாம் மழை என்றால் ஐப்பசி கார்த்திகைதான். ஆனி மாதத்தில் இப்படி ஒரு மழை பெய்யும் என்று எங்கள் பக்கத்தில் சொன்னால் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பார்கள். வைப்பர் முழு வேகத்தில் ஆடியும் முன்னால் போகிற வண்டி கலங்கலாகத்தான் தெரிந்தது.

பத்து இருபதுக்குக் குதிரானுக்கு வந்தோம். எதிரே சுவர் மாதிரி பச்சையாக மலை. அடியில் ஒரு பெரிய அரைவட்ட வாய். அதன் இரண்டு பக்கமும் மலைமேலிருந்து செம்மண் தண்ணீர் ஓடை ஓடையாக இறங்கி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் என் கால் தானாக பிரேக்கை மிதித்தது. காரை ஓரங்கட்டினேன்.

"என்னாப்பா?" என்றாள் மகள்.

"இரு. எதிர்ல ஒரு வண்டி வரட்டும், போவலாம்."

"எல்லா வண்டியும் உள்ள போவுதேப்பா!"

"போறது சரி. வர்றது எங்க?"

பார்த்துக்கொண்டே இருந்தோம். பஸ் போயிற்று, லாரி போயிற்று, ஒரு மோட்டார் சைக்கிள்காரர் மழைக்கோட்டோடு போனார். உள்ளேயிருந்து ஒரு வண்டியாவது வரவேண்டுமே? ஒன்றும் இல்லை. இவ்வளவு பேரும் உள்ளே போய் வரிசையாகத் தண்ணீரில் நிற்கிறார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். நான்கு சக்கரமும் தரையில் இருந்த காரிலிருந்து அவர்களுக்காக அனுதாபப்பட்டேன்.

அடுத்தது இன்னும் மோசம். எங்கள் ஊரில் எதிரே வண்டி வராவிட்டால் ஒருத்தர் முன்னால் நடந்து போய் ஆழம் பார்ப்பார். அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினேன். மகளின் சான்றிதழ் ஃபைலை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பாலிதீன் பைகளில் போட்டு முடிச்சுப் போட்டு, "இத மடியிலயே வெச்சுக்க, தண்ணி உள்ள வந்தா தலைக்கு மேல தூக்கிக்க" என்று அவளிடம் கொடுத்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. குடையை மடக்கி ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு சுரங்க வாயை நோக்கி நடந்தேன். மழையில் குடையை மடக்கிப் பிடித்து நடந்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வாசலை நெருங்குவதற்குள் விசில் கேட்டது. மழைக்கோட்டு போட்ட காவலர் ஒருவர் ஓடி வந்தார். "எந்தா சேட்டா இது? நடக்கான் பாடில்லா!" உள்ளே நடந்து போகக்கூடாதாம். காரைக் காட்டி என்ன பிரச்சினை என்று கேட்டார். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "இன்ஜின் ஹீட்" என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் முழங்காலைப் பார்த்தார். சீக்கிரம் எடுத்துவிடுங்கள் என்று கையால் காட்டிவிட்டுப் போனார்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டாமா? வந்து பானெட்டைத் திறந்துவைத்தேன்.

மணி பத்து ஐம்பது. மகள் அதுவரைக்கும் கோபமாகப் பேசிக்கொண்டிருந்தவள், இப்போது பேச்சை நிறுத்திவிட்டாள். பாலிதீன் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுரங்கத்தையே பார்த்தாள். உறவினர்கள் வந்தால் அடுப்படிக்குப் போவாளே, அந்த முகம். காரில் அடுப்படி இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் கார் சாவியைத் திருப்பக் கை வரவில்லை. முடிவெடுக்காமல் காத்திருப்பதில் எனக்கு இருபத்தாறு வருட சர்வீஸ்.

அந்த நேரத்தில்தான் எங்களைத் தாண்டிப் போன ஒரு லாரி, ஓரமாக ஒதுங்கி நின்றது. டிரைவர் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் நம்பர் பிளேட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு திறந்த பானெட்டுக்குள் மழை கொட்டுவதைப் பார்த்தார்.

"என்னா மாமா, ரேடியேட்டருக்கு மழைத் தண்ணி புடிக்கிறீங்களா?"

நம் ஊர்ப் பேச்சு! அத்தனை வெட்கத்திலும் மனசு குளிர்ந்தது. அவருக்குப் பெண்ணாடம் பக்கம். சர்க்கரை லோடு ஏற்றிக்கொண்டு திருச்சூர் போகிறார்.

நான் "இன்ஜின் கொஞ்சம் ஹீட்…" என்று ஆரம்பித்தேன். மனைவி கண்ணாடியை இறக்கினாள்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல தம்பி. இவருக்குத்தான். எதிர்ல வண்டி வந்தாத்தான் உள்ள போவாராம்."

அவர் சுரங்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த சாக்கு கீழே விழுந்தது.

"மாமா, நீங்க பொங்கல் வரைக்கும் நின்னாலும் எதுக்க வண்டி வராது. இது போறதுக்கு மட்டும். வர்றதுக்குப் பக்கத்துலயே இன்னொரு குகை இருக்குது. அந்த மரத்துக்கு அந்தாண்ட பாருங்க."

பார்த்தேன். மழைத்திரைக்குப் பின்னால், மரங்களுக்கு அந்தப் பக்கம், வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

புத்திக்குப் புரிந்துவிட்டது. காலுக்குத்தான் புரியவில்லை. "இல்ல மாப்ள, மழ ஜாஸ்தியா இருக்குது. உள்ள தண்ணி கிண்ணி நின்னா…"

"அம்மா, மணி பதினொண்ணு ஆவப்போவுது" என்றாள் மகள் உள்ளேயிருந்து. என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னாள்.

"பாப்பாவுக்கு என்னா அவசரம்?" என்று அவர் கேட்டார். மனைவி சொன்னாள். பன்னிரண்டு மணி, வேலை, அடுத்தவருக்குப் போகிற இடம், எல்லாவற்றையும். கேட்டதும் அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அவரே பானெட்டைப் பட்டென்று மூடினார்.

"மாமா, ஏறுங்க வண்டியில. நான் முன்னால போறேன், என் பின் லைட்ட மட்டும் பாத்துக்கிட்டு வாங்க. உள்ள தண்ணி நின்னா மொதல்ல என் வண்டிதான் மாட்டும். நான் ஏத்தியிருக்கிறது செங்கல்லு இல்ல, சக்கர. தண்ணி இருக்குற எடத்துல சக்கரய கொண்டுபோய் உடுவனா, சொல்லுங்க?"

எந்த இன்ஜினியர் வந்து விளக்கியிருந்தாலும் நான் இப்படி நம்பியிருக்கமாட்டேன். சர்க்கரை போகிற வழியில் மனுஷன் போகலாம்.

அந்தச் சிவப்பு லைட்டைப் பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்தேன். சட்டென்று மழைச் சத்தம் நின்றது. யாரோ ஸ்விட்சை அணைத்த மாதிரி. ஈரமில்லாத கண்ணாடியில் வைப்பர் கீச்சு கீச்சென்று தேய்ந்தது. அதை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. மேலே பெரிய பெரிய காற்றாடிகள், இரண்டு பக்கமும் விளக்கு வரிசை, சுவரோரம் நடைபாதை, அதை ஒட்டி வடிகால். கார் டயர் கொண்டுவந்த ஈரத்தைத் தவிர ரோட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எங்கள் தலைக்கு மேல் முழு மலையும், அதன் காடும், அந்தக் காட்டின் மேல் பெய்கிற மழையும் இருந்தன. கீழே நாங்கள் நனையாமல் போய்க்கொண்டிருந்தோம். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். ஒன்றரை நிமிஷத்தில் மறுபக்கம் வெளிச்சம் வந்துவிட்டது.

"முடிஞ்சுதாப்பா?" என்றாள் மகள். எனக்கும் அதே ஏமாற்றம்தான். இதற்கா அவ்வளவு கலாட்டா பண்ணினேன்?

வெளியே வந்ததும் அவர் வேகத்தைக் குறைத்து, கையை நீட்டி எங்களை முந்தச் சொன்னார். பக்கத்தில் போனபோது மகள் கண்ணாடியை இறக்க, அவர் போன் நம்பர் எழுதிய ஒரு சீட்டை நீட்டினார். "ஏதாச்சும்னா கூப்புடு பாப்பா. மாமாவ நம்பாத."

மருத்துவமனைக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. மகள் ஓடினாள். பின்னாலேயே ஓடிய என்னை வரவேற்பில் இருந்த பெண் நிறுத்தி, "காலில் என்ன அடி? ஆர்த்தோ முதல் மாடி" என்றார். பேன்ட் இன்னும் முழங்காலில் இருந்தது. உள்ளே மகள் அந்த மூன்று முடிச்சுகளையும் பல்லால் கடித்து அவிழ்த்திருக்கிறாள். அதற்கே நான்கு நிமிஷம் ஆயிற்றாம். பன்னிரண்டுக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு அந்த நம்பருக்குப் போன் செய்து, அவர் லோடு இறக்கிக்கொண்டிருந்த குடோனுக்கு நானும் மனைவியும் போனோம். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு தன் லாரியில் மலையாகக் கிடந்த மூட்டைகளைப் பார்த்தார்.

"ஏன் மாமா, ஒரு லாரி சக்கர கொண்டாந்தவனுக்குப் போய் இனிப்பா?"

சிரித்து முடித்ததும் நான் கேட்டேன். "மாப்ள, ஒங்களுக்கும் லோடு எறக்க நேரம் இருக்குமில்ல? அந்த மழையில எங்களுக்காக ஏன் நின்னீங்க?"

அவர் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"இந்தக் குகை தொறக்குறதுக்கு முன்னாடி மலமேலதான் ரோடு. வளைஞ்சு வளைஞ்சு போவும். குழியும் கல்லுமா இருக்கும். ஒரு வண்டி படுத்துடுச்சுன்னா அவ்ளோதான், ரெண்டு பக்கமும் கிலோமீட்டர் கணக்குல நிக்கும். கீழ குகைய நோண்ட ஆரம்பிச்சுட்டாங்க, ஆனா வேல நின்னு நின்னு நடந்துச்சு. ஏத்தம் ஏர்றப்ப அந்த ஓட்ட தெரியும். அடுத்த ட்ரிப்புக்குத் தொறந்துருவாங்கடான்னு ஒருத்தனுக்கு ஒருத்தன் சொல்லிக்குவோம். எத்தன ட்ரிப்பு சொன்னோம்னு எனக்கே தெரியாது."

"ம்."

"ஒரு நாளு எர்ணாகுளத்துலேர்ந்து காலி வண்டியோட திரும்புறேன். அப்பா தவறிட்டாருன்னு போன் வருது. எடுத்துறாதீங்க, வந்துர்றேன்னு சொன்னேன். இந்த ஏத்தத்துல மாட்டுனேன் பாருங்க மாமா, காலைல நின்ன வண்டி சாயங்காலம் வரைக்கும் அசையல. எறங்கி நடந்துடலாமான்னு பாத்தேன், லாரிய உட்டுட்டு எங்க போறது? எம்மாம் நேரந்தான் அவுங்களும் வெச்சிருப்பாங்க? எடுத்துட்டாங்க. நான் மறுநாள் பால் தெளிக்கிறதுக்குத்தான் போய்ச் சேந்தேன். நின்ன எடத்துலேர்ந்து பாத்தா அந்த ஓட்ட தெரியுது. தகரம் வெச்சு மூடிக் கெடக்குது. நாள் முழுக்க அதையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நான் ஸ்வீட் பாக்ஸை அவர் பக்கத்தில் வைத்தேன்.

"இன்னைக்கு அது தொறந்து கெடக்குது, நீங்க அதும் முன்னால நின்னுக்கிட்டு உள்ள போவாம இருந்தீங்க. அதும் பாப்பாவுக்கு நேரம் ஆவுதுன்னு அக்கா சொன்னதும், மனசு கேக்கல மாமா. அவ்ளோதான்." எழுந்து ஸ்வீட் பாக்ஸைத் திறந்து, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, மீதியைச் சுமை இறக்குகிறவர்களிடம் நீட்டினார். "நல்லாத்தான் மாமா இருக்குது. ஆனா சக்கர கம்மி."

மகளை மருத்துவமனை விடுதியில் விட்டுவிட்டு அன்று மாலையே திரும்பினோம். வருகிற வழிக்கான அந்த இன்னொரு சுரங்கத்தில் நுழைவதற்கு முன்னால், பக்கத்தில் மலைமேல் ஏறிப் போகும் பழைய ரோட்டை மனைவி காட்டினாள். மழை விட்டிருந்தது. ஒரு வண்டியும் இல்லாமல் நனைந்து கிடந்தது. இதில்தானே நின்றிருப்பார் என்றாள். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன். காலைபோல் பயப்பட எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

மகள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். மலையாளம் நன்றாகப் பேசுகிறாள். அடுப்படிக்கு ஓடுவதெல்லாம் நின்றுபோய்விட்டது. அது வேறு விதத்தில் எங்களுக்கு நஷ்டம்தான், ஊருக்கு வந்தால் சமைக்கவும் போவதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். கார் ஓட்டுவதில் நான் பெரிதாக ஒன்றும் முன்னேறிவிடவில்லை; மனைவி இப்போதும் பஸ்ஸில் போகலாம் என்றுதான் சொல்கிறாள். ஆனால் ஒரு மகனை அவனுடைய அப்பாவின் முகத்தைப் பார்க்க விடாமல் ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைத்த மலைக்குள் புகுந்து, என் மகள் முகத்தைப் பார்க்க நான் ஒன்றரை நிமிஷத்தில் போய்விடுகிறேன் என்பதை மட்டும், எத்தனை தடவை போனாலும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.